கனமான மிஷின்

காலை ஏழேகால் மணிக்கு நோணாங்குப்பத்திலிருந்து புதுச்சேரி டவுனுக்கு வரும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவரும் பிரெஞ்சுக்காரர் வீடுகளில் வேலை செய்பவர்கள் என்பது, எஜமானியை மதாம் என்றும் எஜமானரை முசே என்றும் சொன்ன பேச்சில் தெரிந்தது. இளையவள் சொன்னதைக் கேட்டு நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

“வேணும்னுதான்க்கா கனமா இருக்கறதைக் காட்டினேன்.”

“எதைடி?”

“தூசி உறிஞ்சற மிஷினை. மாடித் தரை பூரா மரப்பலகை இல்லியா, அதுக்குன்னு மதாம் வாங்கறாங்க. கடையில ரெண்டு இருந்துச்சு. ‘பெருக்கறவ நீதானே, நீயே சொல்லு’ன்னாங்க. ஒண்ணு பஞ்சு மாதிரி லேசா இருந்துச்சு. அதை வாங்கினா மதாமே இழுத்துப் பெருக்கிடுவாங்க. அப்புறம் நான் எதுக்கு?”

“அடி கள்ளி! அப்ப நல்லதுதானே?”

“வேணும்னு செஞ்சது மதாமுக்குத் தெரிஞ்சிடுமோன்னு எனக்குச் சோறே எறங்கலக்கா. இன்னிக்கு மிஷின் வீட்டுக்கு வருது.”

“சக்கரம் இருக்கா அதுக்கு?”

“நாலு.”

“ரப்பரா, இரும்பா?”

இளையவள் மூத்தவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“எங்க முசே வீட்டுல ஒருத்தன் இரும்புக் கட்டிலை இழுத்தான். தரைப் பலகையில ரெண்டு கோடு விழுந்துச்சு. மறுநாள் அவன் வேலையில இல்ல.”

“சக்கரம் கறுப்பா இருந்துச்சுக்கா. நான் தொட்டுப் பாக்கலியே.”

“இரும்பா இருந்தா தூக்கிக்கிட்டேதான் பெருக்கணும் நீ!”

மூத்தவள் மட்டும் சிரித்தாள். பஸ் நின்றது. இறங்கும்போது இளையவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, பழம்புடவை ஒண்ணு இருந்தா குடேன். மதாம் பாக்கறதுக்குள்ள சக்கரத்துல சுத்திடறேன்.”