மச்சினன் கணக்கைத் திறந்த விதம்

பாஸ்வேர்டை மறந்தவர்களைப் போலப் பணிவான மனிதர்களை நீங்கள் பார்க்கவே முடியாது, ஐயா. தனியார் மின்னஞ்சல் கம்பெனியில் பதினாறு வருடம் அவர்களுக்குப் பதில் சொன்னவன் நான். பாதி உலகம் என் காதில் அழுதிருக்கிறது என்றால் கொஞ்சம்தான் மிகை. அங்கே யாரும் யாருடைய கடிதத்தையும் படிக்க முடியாது. பாஸ்வேர்டு இல்லாமல், முதலாளியே தலைகீழாக நின்றாலும் திறக்காது. ஓய்வு பெற்ற பிறகும் நான் அங்கே கணக்கு தொடங்க ஆள் சேர்ப்பதை விடவில்லை. துக்க வீட்டில்கூட இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறேன்.

என் மனைவியின் தம்பி அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவனுக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்ததும் நான்தான். பாஸ்வேர்டு மறந்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு முகவரி கேட்பார்கள். அவனிடம் இல்லை. என்னுடையதைப் போட்டேன். குடும்பத்துக்குள் என்ன.

போன மாதம் முதலாளி சுகாதார அமைச்சரைப் புகழ்ந்து ஊரறிய எழுதினார். தீப்பிடித்த கொட்டகையிலிருந்து ஓடுவது போல ஜனங்கள் கணக்கை மூடிவிட்டு விலகினார்கள். மச்சினன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

“அத்தான், உங்க முதலாளி அமைச்சருக்கு இந்தப் போடு ஜால்ரா போடுறாரே. நான் எழுதினதெல்லாம் அவர்கிட்டதானே இருக்கு?”

“அவர் வாய் வேற, பூட்டு வேறடா. நீ என்ன ராணுவ ரகசியமா எழுதிக் கிழிச்சே?”

“அதை விடுங்க. நான் மூடப்போறேன். வார்டுல எல்லாரையும் மூடச் சொல்லிட்டேன்.”

எல்லாரையும் என்றான். அதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை, காப்பி ஆறுவதற்குள், அவன் பெயரில் பாஸ்வேர்டு மறந்துவிட்டதாகக் கம்பெனிக்குச் சொன்னேன். மாற்றும் வழி என் முகவரிக்கு வந்தது; புதுசு போட்டுத் திறந்தேன். உள்ளே எட்டு மாதக் கடிதங்கள், எல்லாம் ஒரு பெண் நிருபருக்கு. காலாவதியான மருந்து ஏற்றி இறந்த குழந்தைகளின் பட்டியல். அந்த மருந்தை வாங்க உத்தரவிட்டது அமைச்சர். குழந்தைகள் பத்தொன்பது பேர். இதில் நான் ஒன்றுகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அன்று மதியம் போன் செய்தான்.

“அத்தான், பாஸ்வேர்டு எடுக்கவே மாட்டேங்குது.”

“மறந்திருப்பே. பதறாம யோசிச்சுப் பாரு.”

அதற்குள் எல்லாவற்றையும் முதலாளிக்கு அனுப்பியிருந்தேன். ‘நம்மை நம்பாதே என்று ஊரைக் கலைப்பவர்கள் இப்படிப்பட்டவர்கள்’ என்று மேலே ஒரு வரி. அவர் அதை யாரிடம் காட்டுவார் என்று தெரியும். நானும் பேப்பர் படிக்கிறவன்தான்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தவனை மருத்துவமனை வாசலிலேயே வண்டியில் ஏற்றினார்கள். பதினோராம் நாள் கால்வாயில் கிடைத்தான். அடையாளம் காட்ட நான் போனேன். என் மனைவிக்குத் தெம்பில்லை.

நேற்று அவள் சொன்னாள், “உங்க கம்பெனிதான் என் தம்பியைக் காட்டிக் கொடுத்திருச்சு. இனிமே எவன் அதை நம்புவான்?”

என்னால் பொறுக்க முடியவில்லை. நீங்கள் கூப்பிடாமலே விசாரணைக்கு வந்தது அதனால்தான். தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கம்பெனி ஒரு கடிதத்தைக்கூடத் திறக்கவில்லை. திறந்ததும் நான், அனுப்பியதும் நான். ஜனங்கள் அதைத் தாராளமாக நம்பலாம்.