இரண்டு முறை அமுக்கினால்

எங்கள் அப்பா எதையும் தொலைக்கிற ஆள் இல்லை. குடை, மூக்குக்கண்ணாடி, பேனா மூடி என்று மற்ற வீடுகளில் காணாமல் போகிற சாமான்கள் எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக அதனதன் இடத்தில் இருக்கும். அவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அங்கே சுவர் அகலத்துக்கு ஒரு பலகை உண்டு. அதில் ஆணி ஆணியாக எல்லா அறைகளின் சாவியும் தொங்கும். அவர் ஓய்வு பெற்ற அன்று மேலாளர், "இவர் இருந்தவரைக்கும் நாம ஒரு பூட்டைக்கூட உடைச்சதில்ல" என்று பேசினாராம். அப்பா வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னார், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே. பரிசாகக் கொடுத்த கைக்கடிகாரத்தைக்கூட அப்புறம்தான் காட்டினார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்பாவுக்கு மறதி நோய் என்று அக்கா உங்களிடம் சொல்லியிருப்பாள். அது சரியில்லை. கடைசி நாள் வரை அவர் தெளிவாக இருந்தார். எதையும் மறக்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு நாலு பேர் முன்னால் குரல் வராது. ஸ்டேஷனில் நீங்கள் விசாரித்தபோது நான் பதில் பேசாததற்கும் அதுதான் காரணம், திமிர் இல்லை. அதனால்தான் எழுதித் தருகிறேன். வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னால் நின்றபடியே இருப்பேன். சிரிப்பார்கள். அப்பாதான் தினமும் காரில் கொண்டுபோய் விடுவார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் பள்ளி வாசலில் கார் நின்றது, நான் இறங்கவில்லை. மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள், காவலாளி கேட்டைச் சாத்தினார். அப்பா என்னைத் திட்டவில்லை. 'இறங்கு' என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எதிரே பார்த்தபடி வெகுநேரம் காத்திருந்தார். பிறகு காரைத் திருப்பினார். அத்தோடு என் படிப்பு முடிந்தது.

அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்கா கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். மிச்சம் நானும் அப்பாவும் அந்தக் காரும்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. அவருக்கும் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலேயே இருந்து என்னைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கவலை வந்துவிட்டது. அக்கா வேறு போனில் ஓதிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் எத்தன நாளைக்கு அவளைப் பொத்திப் பொத்தி வைப்பீங்க? அவ என்ன கோழிக்குஞ்சா?"

அப்பா விசாரித்து ஒரு விடுதியைக் கண்டுபிடித்தார். தையல் சொல்லிக்கொடுப்பார்கள், அங்கேயே தங்க வேண்டும்.

"உன்ன மாதிரி பொண்ணுங்கதான் பாப்பா அங்க இருக்காங்க. யாரும் வாயே திறக்க மாட்டாங்களாம்."

"யாருமே வாய் திறக்கலைன்னா எப்படிப்பா பழகறது?" என்றேன்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சம்மதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். சிரிக்கிறவரிடம் மறுப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை கிளம்புவதாக ஏற்பாடு. அன்று சாயங்காலம், வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்து என் தலையணை உறைக்குள் வைத்தேன். வேறெதுவும் செய்யவில்லை.

அவரிடம் இருந்தது அந்த ஒரு சாவிதான். இரண்டாவது சாவி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவருடைய ஸ்டோர் சட்டம். ரெண்டு சாவி இருந்தால் ரெண்டு பேரும் அடுத்தவனிடம் இருக்கிறது என்று நினைப்பார்கள், கடைசியில் எவனிடமும் இருக்காது என்பார்.

காலையில் அவர் முதலில் ஆணியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பை, பிறகு மறுபடி ஆணி. வெறும் ஆணியை விரலால் தடவிப் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நானும் கூடச் சேர்ந்து தேடினேன். மெத்தையைத் தூக்கினோம், குப்பைக் கூடையைக் கவிழ்த்தோம். "பாப்பா, இங்க கொஞ்சம் வாயேன், உன் கண்ணு நல்ல கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிட்டதுபோல அதற்கு முன் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

சாவிக்காரர் வருவதற்குள் விடுதியில் அந்த இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சாவிக்காரர் கலகலப்பான ஆள். ஸ்கூட்டரில் ஒரு பெட்டியோடு வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி, கையிலிருந்த சின்ன மெஷினைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"முன்ன மாதிரி அரத்தை வச்சு ராவிக் கொடுத்துட்டுப் போற காலமில்ல சார். சாவிக்குள்ள சிப் இருக்கு. அதைக் காருக்கு அறிமுகப்படுத்தி வைக்கணும், பொண்ணு பார்க்க வந்த மாதிரி."

"பழைய சாவி எவன் கையிலயாவது கெடைச்சிருந்தா?"

"கெடைக்கட்டும் சார். புதுசை ஏத்தும்போது பழசைக் காரோட ஞாபகத்திலிருந்தே அழிச்சிடுவேன். கதவைத் திறக்கும், உள்ள உக்காரலாம். இஞ்சினுக்கு மட்டும் உசுரு வராது. செத்த சாவி."

புதுச் சாவியில் பொத்தான் இருந்தது. அதையும் காட்டிக்கொடுத்தார். ஒரு தடவை அமுக்கினால் சாதாரணப் பூட்டு. இரண்டு தடவை அமுக்கினால் விளக்கு இரண்டு முறை மின்னும், அது முழுப் பூட்டு. திருடன் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டு உள் கைப்பிடியை இழுத்தாலும் கதவு திறக்காது.

அப்பா ஸ்டோர்க்காரர் அல்லவா, உடனே கேட்டார். "உள்ள ஆள் இருந்தா?"

"உள்ள ஆள் இருக்கும்போது யாராவது ரெண்டு தடவ அமுக்குவாங்களா சார்?"

மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

விடுதியில் மறுபடி இடம் வந்தபோது சாவி மறுபடி காணாமல் போனது. அக்கா வீட்டுக்கு என்னைக் கொண்டுபோய்ச் சில நாள் விடலாம் என்று கிளம்பியபோதும் போனது. சாவிக்காரர், "உங்க வீட்டுத் திண்டாட்டத்துலதான் சார் என் வீட்டுக் கொண்டாட்டம்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. இன்னொரு சாவி செய்து என்னிடம் கொடுக்கட்டுமா என்று சாவிக்காரர் கேட்டபோது அப்பா கோபமாக வேண்டாம் என்றார். தன் கையில் ஒரு சாவி நிற்கும் என்று நிரூபிக்க விரும்பினார்.

அதற்குப் பிறகு ஒரு முறை, எங்கும் போகிற பேச்சே இல்லாத ஒரு சாதாரண நாளில் சாவியை எடுத்தேன். ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அன்று காலையிலிருந்து அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சாவிக்காரர் மறுபடி வந்து புதுச் சாவி கொடுத்துவிட்டுப் போன பிறகு, எடுத்த சாவிகளை என்ன செய்வது என்று யோசித்தேன். தூக்கிப் போட மனசு வரவில்லை, அவருடைய சாமான்தானே. அவருடைய சவர டப்பாவில், பிரஷுக்கும் படிகாரக் கல்லுக்கும் கீழே எல்லாவற்றையும் போட்டு வைத்தேன். மறுநாள் காலை கண்ணாடி முன்னால் டப்பாவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கன்னத்தில் தண்ணீர் காய்ந்துபோகிற வரைக்கும் நின்றார்.

"பாப்பா."

"என்னப்பா?"

"இதெல்லாம் நானா இங்க வச்சேன்?"

நான் டப்பாவை எட்டிப் பார்த்தேன். "நேத்துகூட இந்த டப்பாவை எடுத்தீங்களேப்பா" என்றேன். பொய் இல்லை. அவர் தினமும் சவரம் செய்கிறவர்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், ஆணியிலிருந்த நல்ல சாவியை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். என் விரல்களை அவரே மடக்கினார். "இனிமே நீயே வச்சுக்கம்மா. நான் லாயக்கில்ல" என்றார். வாழ்நாளில் அவர் யாரிடமும் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்காமல் இருந்ததில்லை. என்னிடம் வாங்கவில்லை.

அதன் பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள். எங்கே போகவேண்டுமானாலும் என்னைக் கேட்டார், கேட்டுவிட்டுப் போகாமலும் இருந்தார். குழாயை மூடினேனா, கதவைச் சாத்தினேனா என்று கேட்டார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். சில சமயம் அவர் சாத்திய கதவை, சாத்தவில்லை என்று சொல்வேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செத்த சாவிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு காருக்குப் போவார். கதவைத் திறந்து, சாவியைக் கதவுத் துளையிலேயே தொங்கவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு கால் வெளியே இருக்கும். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். எனக்கு அது ஆறுதலாக இருந்தது, அந்தக் கார் எங்கும் போகாது என்பதால்.

நான் செய்த ஒரே தப்பு அக்காவிடம் சொன்னதுதான். அப்பா எவ்வளவு மறக்கிறார், நான் எவ்வளவு பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னேன். அவள் என்னைப் பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"அடியே, இத்தன நாள் ஏண்டி சொல்லல? நாளைக்கே கேஸைத் திறந்து வச்சிட்டு மறந்துட்டா? நான் வந்து அவரக் கூட்டிட்டுப் போயிடறேன். அவரும் வாயைத் திறந்து கேட்டார், அங்க வந்துடட்டுமான்னு. காரையும் வித்துடலாம்."

"அப்ப நான்?"

"உனக்குத்தான் அந்த விடுதி இருக்கே. அப்பா ஆசப்பட்ட எடம். உனக்கும் ஒரு வழி பொறக்கும்டி."

அவரே கேட்டார் என்பதைத்தான் நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, நான்தான் எடுத்தேன் என்று சொல்லியிருந்தால் அக்கா அவரை அழைத்துப் போகமாட்டாள். ஆனால் அவர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மறுநாளே காரைக் கிளப்பி என்னை விடுதியில் விடுவார். எந்தப் பக்கம் போனாலும் வீட்டில் ஒருவர்தான் மிஞ்சுவார் அல்லது யாருமே மிஞ்சமாட்டார்கள். வேறு வழி இருந்திருந்தால் சொல்லுங்கள். இப்போதுகூட எனக்குத் தெரியவில்லை.

அக்கா வருவதாகச் சொன்னதற்கு முந்தைய நாள் காலையில் கார் உறையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். விற்கப்போகிற கார், சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். உறை இல்லாததால் வெயில் நேராகக் காரின் மேல் விழுந்தது. கைப்பிடியைத் தொட்டால் சுட்டது. அப்பா சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலப் போய் உட்கார்ந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"என்ன பாப்பா, உனக்கும் கார்ல போகணுமா?" என்றார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"வெயில் காலைச் சுடுதுப்பா. உள்ள வைங்க."

வைத்தார். நான் சொன்னதை எல்லாம் செய்கிற நிலைக்கு அவர் வந்திருந்தார். கதவைச் சாத்தினேன். கதவில் தொங்கிய சாவியை உருவிக்கொண்டேன். சாவி தொங்கும் காரை எவன் வேண்டுமானாலும் திறப்பான், பத்திரம் இல்லை என்று அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். உள்ளே வந்து, சமையலறை ஜன்னல் அருகே நின்று, நல்ல சாவியின் பொத்தானை அமுக்கினேன். பிறகு இன்னொரு தடவை அமுக்கினேன்.

அந்த மத்தியானம் அவரைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போனாய் என்று கேட்டீர்கள். நான் எங்கும் போகவில்லை. அவரைத் தனியாகவும் விடவில்லை. ஜன்னலிலேயே நின்றேன். பாத்திரம்கூடக் கழுவவில்லை.

விளக்கு இரண்டு முறை மின்னியதை அவர் பார்த்தார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை இழுத்தார். பிறகு திரும்பி ஜன்னலைப் பார்த்தார், முதலில் என் கையிலிருந்த சாவியை, அப்புறம் என் முகத்தை. தெருவில் சனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். காய்கறி வண்டி ஒன்று எங்கள் கேட்டுக்கு எதிரே வெகுநேரம் நின்றது. கண்ணாடியை இறக்கத்தான் சாவி வேண்டும். ஹாரனுக்குச் சாவி தேவையில்லை, அது அவர் கைக்குக் கீழேயே இருந்தது. ஒரு தடவை அழுத்தியிருந்தால் யாராவது ஓடிவந்திருப்பார்கள். நானே போயிருப்பேன்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எதிரே பார்த்தபடி காத்திருந்தார், அன்றைக்குப் பள்ளி வாசலில் இருந்தமாதிரியே.

பாவம், ஹாரன் இருப்பதையே மறந்துவிட்டார் போலிருக்கிறது. வயசானால் அப்படித்தான்.