சாக்பீஸ் வட்டம்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் டயரை உதைக்கிறார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. உதைத்ததும் டயர் ஏதோ பதில் சொன்னதுபோலத் தலையை ஆட்டுவார்கள். அடுத்து பானட்டைத் திறந்து, கர்ப்பக்கிரகத்தைப் பார்ப்பதுபோல் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மூடுவார்கள். என் மைத்துனர் வெற்றிச்செல்வனும் அதைத்தான் செய்தார். நாற்பது லட்ச ரூபாய் வண்டியையும் நாற்பதாயிரம் ரூபாய் வண்டியையும் மனிதன் ஒரே காலால்தான் உதைக்கிறான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

நீங்கள் இன்ஸ்பெக்டர். நானும் இன்ஸ்பெக்டராக இருந்தவன்தான் சார். ஆவடியில் ராணுவ டேங்க் செய்யும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில், தர ஆய்வுப் பிரிவில் முப்பத்தொரு வருஷம். உங்களுக்குத் தொப்பி, எனக்குச் சாக்பீஸ். சரியாக இருக்கும் உருப்படிக்கு ஒரு டிக். கழிக்க வேண்டியதற்குப் பெருக்கல் குறி. சந்தேகம் இருந்தால் ஒரு வட்டம். வட்டம் என்றால், 'நிறுத்தி வை, என்னை வந்து கேள்' என்று பொருள். வந்து கேட்பது அடுத்த மேசைக்காரன் வேலை. வட்டம் போட்டவன் பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்வதில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் ஒழுங்கு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெற்றிச்செல்வன் என் மனைவி பொன்னியம்மாவின் தம்பி. அவர்களுடைய அப்பா மாங்காட்டில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். மகன் அதே வயல்களைக் கயிறு பிடித்து அளந்து, மனையாக்கி விற்றார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கரையான்சாவடி முனையில் வைத்த பேனரில் 'நிலங்களின் நாயகர்' என்று தனக்குத்தானே பட்டம் போட்டுக்கொண்டபோதுகூட, அச்சுப்பிழை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். இருந்தது. 'நிலங்களின்' என்பதில் கடைசி 'இன்'னைக் காணோம். 'நிலங்கள் நாயகர்.' யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. ஜெர்மன் வண்டி. இரண்டே சீட்டு, தரையிலிருந்து நான்கு விரல் உயரம், மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர். அதை வைத்து உலா வர அவர் தேர்ந்தெடுத்தது எங்கள் மாங்காடு சாலை. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பவை ஷேர் ஆட்டோவும், எருமையும், யாரோ தோண்டிவிட்டு மறந்துபோன பள்ளமும்.

வெற்றிச்செல்வனிடம் ஒரு சொல் இருந்தது: ரிலையபிளிட்டி. இன்வெர்ட்டர் வாங்கினாலும், வாட்ச்மேன் வைத்தாலும், பெண்ணுக்கு வரன் வந்தாலும் அவர் கேட்கும் கேள்வி, "ரிலையபிளிட்டி எப்பிடி, ரிப்பேர் செலவு எவ்ளோ?" வண்டி விஷயத்தில் மூன்று மாதம் வீடியோ பார்த்து, ஒரு தாளில் அச்சடித்துக்கொண்டு வந்திருந்தார். மூன்றே கேள்விகள். இன்ஜின் இன்னும் எத்தனை வருஷம் வரும்? கியர் பாக்ஸ் போனால் என்ன செலவாகும்? அந்த உறுமல் ஒரிஜினலா, ஏதாவது மாட்டியிருக்கிறார்களா?

சென்னீர்குப்பத்தில் யூசுப் என்பவர் பழைய கார் வாங்கி விற்கிறார். அவருடைய கொட்டகையில் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். வெற்றிச்செல்வன் தாளை என் கையில் கொடுத்தார்.

"மாமா, நீ டேங்குக்கே டிக்கு போட்ட ஆளு. இது உனக்கு ஜுஜுபி. இந்த மூணுக்கு மட்டும் பதில் சொல்லு. நீ பாட்டுக்கு ஃபேக்டரி கத எடுத்துவுடாத, கேக்கறதுக்கு எனக்கு டைம் இல்ல."

நான் அடியில் போனேன். இன்ஜின் சுத்தம். கியர் பாக்ஸ் சுத்தம். உறுமலும் ஒரிஜினல்தான், வேறு எதற்கும் இல்லாத ஆரோக்கியம் அதற்கு இருந்தது. இடது முன் சக்கரத்தின் உட்புறம், பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய் ஓர் இடத்தில் கட்டைவிரல் மாதிரி வீங்கியிருந்தது. பக்கத்தில் லேசான ஈரம். மெதுவாக ஓட்டுகிறவனுக்கு ஒரு வருஷம் தாங்கும். வேகத்தில் ஓங்கி மிதித்தால் வெடிக்கும். வெடித்தால் ஒரு பக்கச் சக்கரம் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது, வண்டி பம்பரம்போல் சுற்றும். மாற்றுவதற்கு ஒரு மத்தியானம் போதும். அந்த வண்டியின் விலையில் அது கறிவேப்பிலைக் காசு.

சட்டைப்பையில் சாக்பீஸ் இருந்தது. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் அது இல்லாமல் நான் வெளியே போவதில்லை. சக்கரத்தின் உட்புறத்தில், கீழே படுத்தால் மட்டும் தெரியும் இடத்தில், ஒரு வட்டம் போட்டேன்.

யூசுப் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே குனிந்தார். "இன்னா அண்ணாத்தே, ரொம்ப நேரமா அடியிலயே கீற. எதுனா கீதா? கீதுன்னா சொல்லு, நானே மாத்திக் குட்த்துடறேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்குத்தான் பேஜாரு."

"அவர் கேட்டதெல்லாம் பாஸ்" என்றேன்.

முதல் இரண்டு சொற்களை யூசுப் காதில் வாங்கவில்லை. "பாஸாம் சார்" என்று வெற்றிச்செல்வனிடம் கத்தினார். நான் திருத்தவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு ஒன்றரை வருஷம் பின்னால் போக வேண்டும். பொன்னியம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிற்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பியின் ரத்தம் பொருந்தியது. டாக்டர் எடுத்துச் சொன்னார். வெற்றிச்செல்வன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாத்திப் போட்டா ரிலையபிளிட்டி எப்பிடி டாக்டர்? எத்தினி வருசம் வரும்?" என்றார். உத்தரவாதமில்லை, பத்து வருஷம் வரலாம் என்றார் டாக்டர். வெளியே கேன்டீனில் டீ குடிக்கும்போது மைத்துனர் என் தோளில் கை போட்டுச் சொன்னார்:

"மாமா, தப்பா நெனைக்காத. பழைய வண்டிக்குப் புது பார்ட்டு போட்டா பார்ட்டும் வேஸ்ட்டு, வண்டியும் வேஸ்ட்டு. அக்காவ சும்மா மெயின்டெய்ன் பண்ணிக்கினு போ."

டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

அவருடைய மகள் கிருஷ்ணப்பிரியா மட்டும் மறுநாள் காலேஜ் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, "அத்த, எங்கிட்ட ரெண்டு இருக்குல்ல, ஒண்ணு எடுத்துக்கயேன்" என்றாள், பேனா கடன் கொடுப்பதுபோல.

"போடி பைத்தியம். கண்ணாலம் ஆவாத பொண்ணு" என்று பொன்னியம்மா அவள் கன்னத்தில் தட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "யாரும் கேக்காமலே வந்து நிக்கிறா பாருங்க" என்றாள். நான் ஜன்னலோரம் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

பதினான்கு மாதம் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். போன ஐப்பசியில் பொன்னியம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியத்தன்று வெற்றிச்செல்வன் வாசலில் உட்கார்ந்து போனில் ஸ்போர்ட்ஸ் கார் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது உங்களுக்குப் புரியும். நான் ஒருவரையும் கொல்லவில்லை. அவர் தன் அக்காவை எந்தக் கணக்கில் நிறுத்திப் பார்த்தாரோ, அதே கணக்கில் அவரையும் நிறுத்தி ஒரு வட்டம் போட்டேன். வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வண்டிக்கு மாங்காடு அம்மன் கோயிலில் பூசை. அதற்கு முன்னால் நன்றாகத் தேய்த்துக் கழுவினார்கள், சக்கரத்தின் உட்புறம்வரை. வட்டம் போயிற்று. கழுவுவார்கள் என்று எனக்கு முன்பே தெரியுமா என்றால், தெரியும். கழுவாமல் பூசைக்கு வரும் வண்டி நம் ஊரில் ஏது? நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழத்தின் மேல் ஏறி இறங்கும்போது அடிப்பாகம் தட்டிவிடுமோ என்று நிலங்களின் நாயகர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். கோயில் தெரு வேகத்தடையில் வண்டியைக் குறுக்காக ஏற்றப் பத்து நிமிஷம் பிடித்தது. பின்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "இன்னா நைனா, வண்டி படுத்துகினு கீது. ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

"ஏறு மாமா, மொதோ ரவுண்டு உன்னோடதான்" என்று வெற்றிச்செல்வன் கதவைத் திறந்தார். மூட்டுவலி, அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்றேன். "அப்ப நான் வரேன்பா" என்று கிருஷ்ணப்பிரியா ஏறிக்கொண்டாள். சீட் பெல்ட் போட்டுக்கொள்ளம்மா என்று அவளிடம் சொன்னேன். மறக்காமல் சொன்னேன் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அன்று ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தது. பதினோரு நாளும் என் போன் ஆனில்தான் இருந்தது. வெற்றிச்செல்வன் இரண்டு முறை கூப்பிட்டார். ஒரு முறை உறுமலைக் கேட்கவைக்க. இன்னொரு முறை, "மாமா, நூத்தியறுபது போனேன்" என்று சொல்ல. பிரேக் எப்படியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூர் நெடுஞ்சாலையில், முன்னால் ஒரு லாரி வேகத்தைக் குறைத்திருக்கிறது. இவர் ஓங்கி மிதித்திருக்கிறார். மீதியை உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் அங்கேயே முடிந்தார். பக்கத்து சீட்டில் இருந்த கிருஷ்ணப்பிரியா நான்கு நாள் இருந்தாள். பெல்ட் போட்டிருந்தாளாம். இரண்டு சீட்டு வண்டியில் நான் ஒரு சீட்டைத்தான் நினைத்திருந்தேன். அது ஒரு கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

யூசுப் அன்று பிடித்த படத்தை, 'டேங்க் இன்ஸ்பெக்டரே பாஸ் பண்ணின வண்டி' என்று விளம்பரமாகப் போட்டிருந்தார். அதில் என் கையும் சாக்பீஸும் வட்டமும் தெளிவாகத் தெரிகின்றன. அதைப் பார்த்துத்தான் நீங்கள் வந்தீர்கள். ஒரு விதத்தில் நல்லதுதான். வட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்ட ஒரே ஆள் நீங்கள். அதனால்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன். அந்த வட்டத்தை நான் தெரிந்தே போட்டேன், தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாக, பொன்னியம்மாவின் ஆஸ்பத்திரிக் கோப்பில் என் பெயரிலும் ஒரு பரிசோதனைத் தாள் இருக்கிறதே என்று கேட்டீர்கள். இருக்கிறது. தம்பிக்கு எடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் எடுத்தது. அதுவும் பொருந்தித்தான் இருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முடிவு உங்களுடையது, நீங்களே அம்மாவிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். அந்தத் தாளை நான்காக மடித்து, சாக்பீஸ் இருந்த பையிலேயே வைத்துக்கொண்டேன். பதினான்கு மாதம் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன் சார்.

அவள் என்னைக் கேட்கவே இல்லை.