பெட்டிக்குள் திறந்த கண்கள்

துறைமுகத்துப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவரே, செத்த மனிதரின் கண்ணைத் திறந்தது நீங்கள்தான். செத்தவீட்டுப் படங்கள் ஒட்டிய அல்பத்தின் அட்டையில் உங்கள் கடைப் பெயரைப் பார்த்தேன்.

தம்பலகாமம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் அந்த அல்பத்தை விரித்து வைத்திருந்தார்கள். ஒருத்தி செத்தவரின் மகள். மற்றவள் அவளுடைய மச்சாள்.

"மச்சாள், இங்க பாருங்கோ. பெட்டிக்குள்ள கிடக்கிற அப்பா கமராவைப் பாக்கிறார்."

"என்ன கோதாரி இது? கடையில கேக்கேல்லையோ?"

"கேட்டனான். எல்லாப் படத்தையும் ஒண்டா ஏஐக்குள்ள போட்டவராம். மூடின கண்ணை எல்லாம் அது தன்ர பாட்டில திறந்துவிடுமாம்."

"கலியாண வீடு எண்டு நினைச்சாரோ? பக்கத்தில கண்ணை மூடி அழுத நானும் முழிச்சுக்கொண்டு நிக்கிறன்."

"அம்மாவுக்கு இன்னும் காட்டேல்லை. அப்பாட கண்ணை மூடிவிட்டது அவதான். ஆனா கனடாவில இருக்கிற தம்பிக்கு ஸ்டூடியோக்காரர் படத்தை முதலே அனுப்பிட்டார். செத்தவீட்டுக்கு வர ஏலாமப் போனவன். 'அப்பாவுக்கு உயிர் இருந்ததோ, வடிவாப் பாத்துத்தான் கொண்டு போனனீங்களோ' எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறான்."

"முதல் எடுத்த படத்தை அவனுக்கு அனுப்பச் சொல்லுங்கோவன்."

"அதை அழிச்சிட்டாராம். வேணுமெண்டா ஏஐயால திரும்ப மூடித் தாறாராம்."

மச்சாள் அல்பத்தை மூடினாள்.

'மூடிய கண்களைத் திறந்து தருவோம்' என்று உங்கள் கடை வாசலில் பலகை தொங்குகிறது. அதே பலகையில், ஊர் பார்க்க, பதில் எழுதுங்கள்: அந்த மகனுக்கு அப்பாவின் கடைசி முகம் எது?