மிச்சத்துக்கு ஒரு பவர் சப்ளை

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் முதலில் பிராசஸரைத்தான் கேட்பார்கள், ஐயா. எதற்காக வாங்குகிறோம் என்று யோசிக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில் இருப்பதைவிடப் பெரிய நம்பராக இருந்தால் போதும். பதினாறு வருடமாகக் கடையில் மெஷின் பூட்டிக் கொடுக்கிறேன். தலைபாடாக அடித்துக்கொண்டாலும் யாரும் கேட்டதில்லை.

அக்காவுக்கு வேண்டியது சாதாரண மெஷின். வீட்டிலிருந்தபடியே டைப்பிங் வேலை எடுத்துச் செய்ய ஆசைப்பட்டாள். சின்ன பிராசஸர், போதுமான மெமரி, உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கத் தரமான பவர் சப்ளை என்று அவளுக்காகப் பட்டியல் எழுதிக்கொண்டு போனேன். அத்தான் கறி தின்ற கையைக் கழுவாமலே அதை வாங்கிப் பார்த்தார். காகிதம் முழுக்க எண்ணெய்.

"என்ன தம்பி, பிச்சைக்காரன் மெஷினா போடுற? பெரிய பிராசஸரா போடு. ஆபீஸ்ல நாலு பேர் கேட்டா சொல்லிக்க வேணாமா?"

"அப்ப பவர் சப்ளைக்குக் காசு பத்தாதே, அத்தான்."

"அது உள்ளதானே கிடக்கப் போகுது, யாரு பாக்கப் போறா? பழசு எதையாவது போடு."

அக்கா துணியைக் கொண்டுவந்து காகிதத்தில் இருந்த எண்ணெயைத் துடைத்தாள்.

அந்த ஆளைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். சொல்வதில் வெட்கமில்லை. காது குடைந்த விரலாலேயே கீபோர்டைத் தட்டுவார். அவருடைய பழைய கீபோர்டைக் கழற்றியபோது உள்ளே ஒரு கைப்பிடி நகத் துண்டுகள் கிடந்தன. வியர்த்து வழியும் வெறுங்காலைக் கம்ப்யூட்டர் கேபினெட்டின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். எழுந்த பிறகு பார்த்தால் தகரத்தில் பாதம் ஈரமாகப் பதிந்திருக்கும். இந்தக் கழிசடையோடு அக்கா பதினோரு வருடமாகக் குடித்தனம் நடத்தினாள். அவளை மீட்க வேறு யார் இருந்தார்கள்?

ஷாக் அடிக்கிறது என்று திரும்பி வரும் பவர் சப்ளைகளுக்குக் கடையில் சிவப்பு டேப் சுற்றித் தனியாக வைப்போம். யாரும் தவறி எடுத்துப் பூட்டிவிடக் கூடாதே என்று அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவனே நான்தான். அதில் ஒன்றை எடுத்து, டேப்பை நிதானமாக உரித்து, பசையைத் துடைத்தேன். அதைப் பூட்டினால் கேபினெட் தகரம் முழுவதும் மின்சாரம் ஏறும் என்று தெரியும். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட அந்த வீட்டு வயரிங்கில் எர்த் இல்லை என்பதும் தெரியும். பழசைப் போடு என்றவர் அவர்தானே.

ஞாயிற்றுக்கிழமை காலை மெஷினைக் கொண்டுபோய் மேஜைக்குக் கீழே வைத்தேன். ஒயர்களைச் செருகி, சுவர் சுவிட்சையும் போட்டேன்.

"நீங்களே உக்காந்து ஆன் பண்ணுங்க, அத்தான்" என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல்.

நான் பாதிப் படி இறங்கியிருப்பேன். மேலே அவர் குரல் கேட்டது.

"ஏய், மெஷின் பூரா ஒரே தூசியா இருக்கு. ஈரத்துணி எடுத்துட்டு வந்து துடை."

நின்றேன். ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். ஏன் என்று கேட்பார், பதில் சொல்ல வேண்டிவரும். அக்கா துணியை நன்றாகப் பிழிந்துதான் துடைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மீதிப் படிகளையும் இறங்கிவிட்டேன்.

ஆமாம், ஐயா, தெரிந்தேதான் அதைப் பூட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அக்காவைக் கொன்றது நான் இல்லை. ஒரு நாளாவது அந்த மனிதர் துணியைத் தன் கையால் எடுத்திருந்தால் அவள் இன்று உயிரோடு இருப்பாள். அதையும் சேர்த்தே எழுதுங்கள்.