மாப்பிள்ளையின் செருப்பு

உங்கள் சட்டை பளிச்சென்று இருக்கிறது, சார். எங்கள் ஊரில் இவ்வளவு வெள்ளையாகச் சட்டை போட யாரும் ஆசைப்படமாட்டார்கள். செம்பு ஆலை ஓடிய காலத்தில், கயிற்றில் காயப்போட்ட துணியெல்லாம் சாயங்காலத்துக்குள் கரிப்புள்ளி வாங்கிவிடும். பெண்கள் புகைபோக்கியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே துணியை உதறுவார்கள். ஆலை மூடிய பிறகு துணியெல்லாம் வெளுத்துவிட்டது. திட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் அவர்கள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது.

ஆலையை மூடியது எதிர்க்கட்சி என்று நாங்கள் சொல்வோம். நாங்கள்தான் என்று அவர்கள் சொல்வார்கள். மலையில் செம்பு தீர்ந்துபோய்விட்டது என்று சொல்ல இரண்டு கட்சியிலும் ஆள் கிடையாது. அப்படிச் சொல்கிறவனுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? நான் கட்சியின் நகரச் செயலாளர். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆலையைத் திறந்துவைப்பது என் பொறுப்பு. வாயால்தான்.

என் தங்கை புருஷன் அந்த ஆலையில் உலை மேஸ்திரி. உலைக்குள் இறங்கிச் செங்கல் அடுக்குவது அவன் வேலை. எதிர்க்கட்சிக்காரன். இருந்தாலும் எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கிண்டல்தான் அவனுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு முறை செருப்பு வார் அறுந்ததும், எங்கள் கட்சிக் கொடி ஒன்றைக் கிழித்து அதில் கட்டிக்கொண்டு நேரே எங்கள் அலுவலகத்துக்கே வந்து நின்றான்.

"உங்க கொடி இதுக்காவது உதவுது, மச்சான்" என்றான்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

இந்த இடைத்தேர்தலுக்குத் தலைவரே வருவதாக முடிவானது. ஊருக்குள் நுழையும்போதே ஒரு நம்பிக்கை கண்ணில் படவேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். நம்பிக்கைக்கு நான் எங்கே போவேன்? யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நம்பிக்கை என்றால் புகைதான். ஆலைச் சாவி என்னிடம் இருந்தது. பழைய டயர்களையும் கழிவு எண்ணெயில் நனைத்த சாக்குகளையும் உலைக்குள் கொண்டுபோய் அடுக்கினேன். போன தேர்தலின் பேனர்களையும் போட்டேன். அவை வேறு எதற்கு ஆகும்?

சாவி என்னிடம் இருந்தால் என்ன, மாப்பிள்ளைக்குப் பின்பக்கச் சுவர் போதும். வேலை போன பிறகும் தன் செங்கல் எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டு வருவான். தலைவர் வருவதற்கு முந்தின நாள் மாலை என் வீட்டுக்கு வந்தான்.

"என்ன மச்சான், செம்பு தீந்துபோச்சுன்னு ரப்பர் உருக்கப் போறீங்களா?"

விழுந்து விழுந்து சிரித்தான். உள்ளே என் மனைவி சிரிப்பதும் கேட்டது. காலையில் போய் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போடப்போவதாகவும், அதில் ஒரு டயரைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு தங்கள் கட்சி மேடையில் இந்தக் கதையைச் சொல்லப்போவதாகவும் சொன்னான். "கோவிச்சுக்காதீங்க. ஊரு சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்றான். போகிற போக்கில் ஒரு தொழில் யோசனையும் கொடுத்தான். உலையின் பக்கவாட்டுச் சின்னக் கதவைச் சாத்தித் தாழ் போடாமல் பற்றவைத்தால் புகை மேலே ஏறாதாம், பற்றவைத்தவன் முகத்துக்கே திரும்பி வருமாம். அதுகூடத் தெரியாமல் ஆலை நடத்த வந்துவிட்டேனே என்று மறுபடியும் சிரித்தான்.

காலையில் போனேன். உலைக்கு முன்னால் கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய். பக்கவாட்டில், ஆள் குனிந்து நுழைய ஒரு இரும்புக் கதவு. கதவு திறந்திருந்தது. அதன் முன்னால் ஒரு ஜோடி செருப்பு. தான் அடுக்கிய செங்கலை அவன் செருப்புக் காலோடு மிதிக்கமாட்டான். செருப்பு யாருடையது என்று நான் ஆராயவில்லை, சார். வாரில் கட்டியிருந்த துணியின் நிறத்தை மட்டும் பார்த்தேன். உள்ளே யாரோ எங்கள் கட்சிப் பாட்டைச் சொல் மாற்றிப் பாடிக்கொண்டே டயரை உருட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவரின் கார் பாலத்தைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. சொல்லிக்கொடுத்தபடியே கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

பாட்டு நின்றது. "மச்சான்?" என்று ஒரு குரல் கேட்டது. கோபமான குரல் இல்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான். பற்றவைத்தேன். அவன் சொன்னது முழுக்கச் சரி, சார். புகை நேராக மேலே ஏறியது. தொழில் தெரிந்தவன்.

தலைவர் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். அது என்ன ஆலை என்று என்னைக் கேட்டார். ஊரே தெருவுக்கு வந்து அண்ணாந்து நின்றது. ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் பழைய காக்கிச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு ஆலை வாசலில் வந்து நின்றார். சோதனை ஓட்டம், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது நான். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

நீங்கள் வரும்வரை மாப்பிள்ளையை யாரும் தேடவில்லை. எங்கள் ஊரில் ஒருவனைக் காணவில்லை என்றால், வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று அர்த்தம். தங்கையிடமும் அதைத்தான் சொன்னேன். "எங்கிட்டச் சொல்லாமலா போவாரு?" என்று மட்டும் கேட்டாள்.

செருப்பை ஏன் கட்சி அலுவலக அலமாரியில் வைத்திருந்தாய் என்று நீங்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதையும் உலைக்குள் போட்டிருக்கலாம்தான். ஆனால் அதில் இருப்பது கொடி, சார். பேனர் வேறு, கொடி வேறு. கட்சிக் கொடியை நெருப்பில் போட எனக்குக் கை வரவில்லை. எதற்கும் ஒரு வரைமுறை இருக்கிறதல்லவா?

சரி, எழுதிக்கொள்ளுங்கள். தாழ் போட்டது நான். உள்ளே இருந்தது என் மாப்பிள்ளை என்று தெரிந்தேதான் போட்டேன். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று போட்டேன். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி. புகை ஏறிய அன்றைக்கு மத்தியானம் தங்கை என்னைத் தேடி ஓடிவந்தாள். கையில் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை. கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது, முழுக்கக் கரி படிந்துவிட்டது. "பாருங்கண்ணா, கரி" என்று சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. "இதத் துவைக்கமாட்டேன். அவரு வந்து பாத்துட்டு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கட்டும்." இன்னும் அப்படியே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். நல்ல சட்டை, வீணாகிறது. அது சாதாரணக் கரி இல்லை, சோப்புக்குப் போகாது. முதலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், சார். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல, பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?