வேகாத பானை

பிப்ரவரிக் குளிரில் எங்கள் சகாட்லான் மலையூரில் கரியடுப்பு இல்லாமல் பகலில்கூடக் கண்ணயர முடியாது, ஐயா. உங்களுக்கும் தெரிந்ததுதான்.

அப்பா போனபின் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் எங்கள் உணவகத்தை நான்தான் நடத்தினேன். முதலில் நல்ல கூட்டம். பிறகு ஈயோட்டினேன். தங்கை எலோதியா தலைநகரிலிருந்து திரும்பிவந்து கரண்டியைப் பிடித்ததும் வாசலில் வரிசை நின்றது. எனக்கு மகிழ்ச்சிதான். கடை பிழைத்ததே.

மக்காச்சோள மாவைத் தோகையில் பொதிந்து தமாலே அவிக்கும்போது, கோபக்காரர் யாராவது பக்கத்தில் நின்றால் மாவு வேகாது என்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன், மெழுகுவர்த்தித் திருநாளுக்கு முதல்நாள், ஊரே எங்கள் தமாலேக்குக் காத்திருந்தது. எலோதியா எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"அக்கா, இந்த உம்மணாமூஞ்சிய வச்சுக்கிட்டு பானைகிட்ட வராதே. அப்புறம் ஊரு பூரா பச்சமாவுதான் திங்கணும்."

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முற்றத்துக்குப் போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

மதியம் அவள் களைத்துப்போய்ச் சாமான் அறையில் படுத்தாள். "குளிருதுக்கா," என்றாள். கனன்ற கரியடுப்பை உள்ளே வைத்தேன். காற்று வரக்கூடாதே என்று சன்னலைச் சாத்தினேன். கதவிடுக்கில் ஈரத்துணி செருகினேன். மூடிய அறையில் கரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அடுப்படியிலேயே வளர்ந்தவள் நான். உள்ளிருந்து ஒருமுறை "அக்கா" என்று கூப்பிட்டாள். நான் துலக்கிக்கொண்டிருந்தேன்.

விபத்து என்று எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், அது பொய்யில்லை.

அதன்பின் எங்கள் அடுப்பில் ஒரு தமாலேகூட வேகவில்லை. விறகை மாற்றினேன், பானையை மாற்றினேன். மூடியைத் திறந்து ஆவி எழும்போதெல்லாம் "அக்கா" என்று கேட்கும். பயந்துபோய் மூடிவிடுவேன். வந்த கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போயிற்று.

இன்று காலை அம்மா வந்து பானைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பாத்திரம் தேய்ப்பவளை வெளியே அனுப்பினாள், மாவு வேகவில்லை. சித்தி மகனை அனுப்பினாள், வேகவில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ போ, ஹசிந்தா."

தெருவில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வெந்த மாவின் மணம் வாசல்வரை வந்தது. அம்மா சூடாக ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"தின்னுட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ," என்றாள். கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

தின்றேன். நன்றாகவே வெந்திருந்தது.

எலோதியாவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு அவள்மேல் ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.